மாதம்மாள் கழுவிய மாவு

வினையூக்கித் தொழிலில் ஒரு சரக்கு ஏன் கெட்டுப்போனது என்று சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். ஏன் நன்றாக வந்தது என்று சொல்லத்தான் ஆள் கிடைக்காது. காரணம் தெரியாமல் தோற்றவனுக்கு ஆறுதல் சொல்ல ஊரில் நாலு பேர் உண்டு. காரணம் தெரியாமல் ஜெயித்துவிட்டு, பிறகு அந்தக் காரணத்தாலேயே அடி வாங்கியவனுக்கு ஒருத்தரும் இல்லை. நீங்கள் அந்த ரகம் என்றால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். இது நமக்குள் பேசிக்கொள்வது.

நான் பதினெட்டு வருடமாக வேலை பார்ப்பது தருமபுரியிலிருந்து பாலக்கோடு போகும் வழியில் உள்ள ஒரு சின்னக் கம்பெனியில். டீசலில் இருக்கும் கந்தகத்தை எடுப்பதற்கு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் பெரிய பெரிய இரும்புக் கலன்கள் இருக்கும். அவற்றுக்குள் ஒடித்துப் போட்ட காராச்சேவு மாதிரி நீலக் குச்சிகளை நிரப்பி வைப்பார்கள். சூடான எண்ணெய் அதன்மேல் ஓடும்போது கந்தகம் கழன்று போகும். அந்தக் குச்சிதான் வினையூக்கி. நாங்கள் கேட்டலிஸ்ட் என்போம். அலுமினா என்கிற வெள்ளை மாவைத் தயாரித்து, கழுவி, பிசைந்து, அச்சில் பிழிந்து, சுட்டு, உலோக உப்புகளில் ஊறவைத்து, மறுபடி சுட வேண்டும். வீட்டில் முறுக்கு சுடத் தெரிந்தவர்களுக்கு இதில் பாதி வேலை தெரியும்.

எங்கள் கம்பெனி ஆரம்பத்தில் மற்றவர்கள் சொன்ன முறைப்படி செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. சொந்தமாக ஒன்றை உருவாக்க வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. அதற்காக ஒரு சின்ன ஆராய்ச்சிக்கூடம் கட்டி என்னை உட்கார வைத்தார். "ஒரே ஒரு ஆலை நம்ம சரக்கை எடுத்துக்கிட்டாப் போதும், இது நிக்கும். இல்லன்னா பூட்டிட்டு நான் என் வழியைப் பாக்கறேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் ஏமாற்றவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

சேர்ந்த அன்று

மாவு கழுவ ஆள் கேட்டிருந்தோம். மாதம்மாள் வந்தார். நாற்பது வயதிருக்கும். பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தவர். விலை விழுந்தால் தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள், அன்றைக்குத் தரம் பிரிக்க என்ன இருக்கிறது? இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவளை நர்ஸ் படிக்க வைக்க வேண்டும் என்றார். என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று எதுவும் கேட்கவில்லை. "பர்மனென்ட் ஆக்குவீங்களாங்க?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு அன்றைக்கு உற்சாகம் அதிகம். செய்கிற வேலை இன்னதென்று தெரிந்து செய்தால் நன்றாகச் செய்வார்கள் என்று ஒரு கொள்கை வேறு. ஒரு நீலக் குச்சியைக் கையில் கொடுத்து விளக்கினேன். "இது கரையாதும்மா, தேயாது. இருக்கற இடத்துலயே உக்காந்திருக்கும். ஆனா இது இருக்கறதாலதான் சுத்தி இருக்கறதெல்லாம் ஓடி ஓடி வேலை செய்யும்." மாதம்மாள் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"அப்படி ஒருத்தரு எங்க வூட்லயே இருக்காருங்க."

கைராசி

மாவு கழுவுவது பார்க்க எளிது. தொட்டியில் தண்ணீர் விட்டுக் கலக்க வேண்டும், துணியில் வடிக்க வேண்டும், மறுபடி கலக்க வேண்டும். மாவோடு வரும் வேண்டாத உப்புகள் அப்படித்தான் போகும். எட்டுக் கழுவல் என்று நான் எழுதி ஒட்டியிருந்தேன். மாதம்மாள் பத்து, பதினொன்று என்று கழுவுவார். கலக்குவதும் மற்றவர்களைவிட நிதானமாக, அதிக நேரம். "எட்டு போதும்மா" என்றால், "இன்னும் வழவழன்னு இருக்குதுங்க சார், எம்மேல ஒரு சொல்லு வரக்கூடாதுங்க" என்பார். ஊறவைக்கும் உலோக உப்புகளைக் கரைப்பதற்கு மட்டும் சுத்தம் செய்த தண்ணீர் கேனில் வரும். கடைசிக் கழுவலும் அதில்தான். மற்ற எல்லாக் கழுவலுக்கும் எங்கள் போர்வெல் தண்ணீர். கழுவுகிற தண்ணீர் எப்படியும் வடிந்து போகப் போகிறது, அது எந்தத் தண்ணீராக இருந்தால் என்ன? இவ்வளவுதான் என் படிப்பு.

மாதம்மாள் கழுவிய மாவில் செய்த குச்சிகள் மற்றவர்களுடையதைவிடக் கந்தகத்தை நன்றாக எடுத்தன. ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, ஒவ்வொரு தடவையும். உப்பு இன்னும் சுத்தமாகப் போகிறது, அதனால்தான் என்று நான் ஒரு காரணம் கண்டுபிடித்து அறிக்கையில் எழுதினேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. உள்ளுக்குள் மட்டும், முக்கியமான மாவு என்றால் மாதம்மாளிடமே போகும்படி பார்த்துக்கொண்டேன். அச்சு எந்திரம் ஓட்டும் முனிராஜ் மாரண்டஅள்ளிக்காரர். மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார். என் அறிக்கையை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னது:

"சயின்ஸ் ஒரு பக்கம் இருக்கட்டுங்க சார், அந்தம்மாவுக்கு லீவு மட்டும் குடுத்துராதீங்க."

வந்தவர் பார்த்த பல்

எங்கள் மாதிரிகளைச் சோதித்துப் பார்த்த ஒரு சுத்திகரிப்பு ஆலையிலிருந்து சதாசிவம் என்கிற அதிகாரி நேரில் வந்தார். முதலாளி கேட்டுக்கே போய் நின்றார். சதாசிவம் எல்லாவற்றையும் பார்த்தார். முடிவுகள் நன்றாக இருப்பதாகச் சொன்னார். பெரிய அளவில் ஒரு மாதிரி செய்து கொடுங்கள், அதுவும் இதே மாதிரி வந்தால் ஆர்டருக்குப் பேசலாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. போர் தண்ணீரில் கழுவுகிற கம்பெனி என்று அவரால் எழுத முடியாது, தண்ணீரைச் சுத்தம் செய்யும் எந்திரம் ஒன்று போட வேண்டும். முதலாளி அங்கேயே தலையாட்டினார். "இவங்க கைராசிதான் சார் எங்க கம்பெனி" என்று மாதம்மாளையும் கூப்பிட்டு அறிமுகம் செய்தார். அந்த வாரமே அவரைப் பர்மனென்ட் ஆக்கினோம்.

சந்தோஷத்தில் நான் வாயைத் திறந்து சிரித்துவிட்டேன். சாதாரணமாக நான் அப்படிச் சிரிப்பதில்லை. என் பல்லில் பழுப்புக் கோடுகள் இருக்கும். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், அதைக் குடித்து வளர்ந்த பல் அப்படித்தான் ஆகும். என் பத்தாம் வகுப்புப் போட்டோவில் ஒருத்தன்கூடப் பல் தெரியச் சிரித்திருக்க மாட்டான். குழாயில் காவிரித் தண்ணீர் வந்த பிறகு பிறந்த பிள்ளைகள்தான் வெள்ளையாகச் சிரிக்கிறார்கள். இதையெல்லாம் சதாசிவத்திடம் எங்கே சொல்வது? காரில் ஏறும் முன் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், தோளில் கை போட்டு, அக்கறையோடு சொன்னார்:

"டெக்னிகலா எல்லாம் ஓகே, நீங்க மட்டும் அந்தப் புகையிலையை விட்டுடுங்க."

புது எந்திரம்

புரிந்துவிட்டதா? இந்த இடத்திலேயே உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரியப் பதினோரு மாதம் ஆனது.

தண்ணீர் எந்திரம் வந்தது. மாலை போட்டு, தேங்காய் உடைத்து, சந்தனம் வைத்துத் தொடங்கினோம். கண்ணாடி மாதிரித் தண்ணீர். மாதம்மாள் அதில் பதினோரு தடவை கழுவினார். செய்த குச்சிகள் படுமோசம். மறுபடி செய்தோம், மறுபடி அதே. சூளையைப் பழித்தேன், அச்சை மாற்றினேன், உப்பு அனுப்பியவரோடு சண்டை போட்டேன். முனிராஜ் எந்திரத்தின் மேல் எலுமிச்சம்பழம் வைத்தார். நானும் அதை எடுக்கச் சொல்லவில்லை. நன்றாக வந்த காலத்தில் காரணம் கேட்காதவனுக்கு, கெட்டுப்போன காலத்தில் எலுமிச்சம்பழத்தை மறுக்க என்ன யோக்கியதை இருக்கிறது?

கடைசியில் எல்லாருடைய கண்ணும் மாதம்மாள் மேல் போனது. கைராசி என்று தூக்கி வைத்தவர்களே, "கைராசி போயிருச்சு" என்றார்கள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார்கள். பர்மனென்ட் ஆனதும் அக்கறை போய்விட்டது என்று முதலாளியே ஒரு நாள் சொன்னார். நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. அதைவிடக் கேவலம், நோட்டும் கடிகாரமும் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போய் நின்றேன். ஒவ்வொரு கழுவலுக்கும் எத்தனை நிமிடம் என்று குறித்தேன். நாலாவது நாள் அவர் திரும்பாமலே சொன்னார்:

"பின்னால நிக்காதீங்க சார், கை நடுங்குதுங்க."

பல் ஆஸ்பத்திரி

இன்னும் ஒரு வாய்ப்புக் கேட்டுச் சதாசிவத்தைப் பார்க்கப் போவதாக முடிவானது. போகும் முன் பல்லைச் சரி செய்துகொண்டு வாருங்கள் என்று முதலாளி என்னைத் தருமபுரி டவுனுக்கு அனுப்பினார். சரக்கு கெட்டுவிட்டது, முகமாவது லட்சணமாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. டாக்டர் ஒரு இளம்பெண். இந்தக் கறை உள்ளே ஏறினது, மேலே தேய்த்தால் போகாது என்றார். வாயைத் திறக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் பஞ்சை வைத்து, வேலை செய்துகொண்டே பேசினார். டாக்டர்கள் ஏன் நாம் பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்துப் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை.

அவருடைய சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். சின்ன வயதில் அப்பா எங்கிருந்தோ ஒரு ஃபில்டர் வாங்கி வந்து மாட்டியிருந்தாராம். அதனால்தான் தன் பல் தப்பித்ததாம். "உள்ள வெள்ளை வெள்ளையா உருண்டை இருக்கும் சார். அலுமினான்னு சொல்வாங்க. தண்ணியில இருக்கற ஃப்ளோரைடை அப்படியே இழுத்துக்கும்." எனக்கு நாற்காலியோடு தரையில் இறங்குவது போல இருந்தது. அலுமினா ஃப்ளோரைடை இழுக்கும். கல்லூரியில் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். பதினோரு தடவை, நிதானமாக, நன்றாகக் கலக்கி, போர் தண்ணீரில் மாவைக் கழுவினார் மாதம்மாள். அந்தத் தண்ணீரின் ஃப்ளோரைடு மாவில் ஏறித்தான் குச்சிகள் நன்றாக வந்திருக்க வேண்டும். அவருக்கு வராத கைராசி யாருக்கு வரும்? எழுந்துகொள்ளப் பார்த்தேன். டாக்டர் என் நெற்றியில் கை வைத்து அழுத்தினார்:

"வாயை மூடாதீங்க சார், இன்னும் முடியலை."

இரண்டு நாள் சந்தோஷம்

மறுநாளே போர் தண்ணீரில் ஒரு மாவு கழுவச் சொன்னேன். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. குச்சிகள் பழையபடி வந்தன. ஃப்ளோரைடு இருக்கிறதா என்று சோதித்தேன், இருந்தது. சுத்தமான தண்ணீரில் கழுவிய மாவில் வேண்டுமென்றே கொஞ்சம் ஃப்ளோரைடு சேர்த்துப் பார்த்தேன், அதுவும் நன்றாக வந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சரக்கு ஏன் நன்றாக வருகிறது என்று தெரிந்தது. இரண்டு நாள் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. வீட்டில் என்னவோ ஏதோ என்று பயந்தார்கள்.

மூன்றாம் நாள் ஆலை கொடுத்திருந்த நிபந்தனைத் தாளை எடுத்துப் படித்தேன். முன்பே பல தடவை படித்த தாள்தான். குளோரைடு, ஃப்ளோரைடு வகையறா எதுவும் இருக்கக் கூடாது என்று ஒரு வரி. குளோரைடை நாங்கள் ஒவ்வொரு தடவையும் சோதித்தோம். ஃப்ளோரைடை நாங்களும் சோதிக்கவில்லை, அவர்களும் சோதிக்கவில்லை. யாரும் போடாத பொருளை யார் தேடப் போகிறார்கள்? ஆனால் ஆலைக்குள் அந்தச் சூட்டில் அது கழன்று வந்தால் அமிலமாகி இரும்புக் குழாயை அரிக்கும். குழாய்க்குள் ஓடுவது எளிதில் தீப்பிடிக்கிற எண்ணெய். வெளியே ஆட்கள் நின்று வேலை பார்ப்பார்கள்.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அது இல்லாமல் இதே பலனைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். முடியலாம், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், வருடக்கணக்கில் ஆகும் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. கம்பெனியில் எத்தனை குடும்பம் இருக்கிறது என்பது என்னைவிட அவருக்குத் தெரியும். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"ஊர்த் தண்ணியை ஊத்துனா வருதுன்னா ஊத்திட்டுப் போவோம்ங்க, நாம குடிச்ச தண்ணிதானே அது."

போன்

எனக்கும் அந்த யோசனை வந்தது, மறைக்க மாட்டேன். மாதம்மாளின் பெரிய பெண் அப்போது நர்சிங் இரண்டாம் வருடம். முனிராஜ் வீடு கட்டிப் பாதியில் நிறுத்தியிருந்தார். ஒரு வரியை மறந்துவிட்டால் எல்லாருக்கும் வேலை இருக்கும். அந்தக் குழாய் அரிக்குமா என்பதுகூட நிச்சயமில்லை. அரிக்காமலே போகலாம். இப்படி ஒரு வாரம் எனக்கு நானே வக்கீலாக இருந்தேன்.

பிறகு மதிய சாப்பாட்டு நேரத்தில் ரோட்டுக்கு வந்து நின்றுகொண்டு சதாசிவத்துக்குப் போன் செய்தேன். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். பயம்தான். ஏதாவது ஒரு காலையில் பேப்பரைப் பிரிக்கும்போது அந்த ஆலையின் பெயர் இருக்குமோ என்று வாழ்நாள் முழுக்கப் பயப்பட எனக்குத் திராணி இல்லை. எனக்கு எதிரே ரோட்டோரம் தக்காளி கொட்டிக் கிடந்தது. அன்றைக்கும் விலை இல்லை போலிருக்கிறது. சதாசிவம் குறுக்கே பேசாமல் கேட்டார். முன்பு அனுப்பிய மாதிரிகளிலும் அது இருந்ததா என்று மட்டும் கேட்டார். இருந்தது என்றேன். அவை சின்னச் சோதனைக் கலனில்தான் போட்டவை, அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றார். பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"நீங்க சொன்னதுக்கு நன்றி சார், ஆனா இனிமே உங்க சரக்கை எங்க கேட்டுக்குள்ள விட மாட்டாங்க."

கழுவும் தொட்டி

முதலாளி என்னைத் திட்டவில்லை. சொன்னபடி ஆராய்ச்சிக்கூடத்தைப் பூட்டினார். ஆலைக் குச்சிகளையே விட்டுவிட்டு, கிராமத்துத் தண்ணீர் ஃபில்டர்களுக்கு வெள்ளை உருண்டை செய்யலாம் என்று முடிவெடுத்தார். நான் பல் ஆஸ்பத்திரியில் கேட்டதைச் சொன்னதிலிருந்து வந்த யோசனைதான். அதற்கு மாவு வெளியிலிருந்து தயாராக வந்துவிடும், இங்கே உருட்டிச் சுட்டால் போதும். கழுவுகிற வேலை இல்லை. அச்சும் இல்லை. முனிராஜ் ஓசூருக்குப் போய்விட்டார். மாதம்மாளுக்குக் கணக்கு முடிக்கச் சொல்லி என்னிடம்தான் தாள் வந்தது. பர்மனென்ட் என்று கொடுத்த தாளிலும் என் கையெழுத்துதான் இருந்தது.

அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. மறுபடி தக்காளிக்கே போவதாகச் சொன்னார். தொட்டியைக் கடைசியாக ஒரு தடவை தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வந்தார். இத்தனை மாதமாகத் தன் கையில்தான் ஏதோ குறை என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பதை நான் அறிவேன். அந்த ஒரு பாரத்தையாவது இறக்கி வைக்கலாம் என்று தோன்றியது. அதனால் எல்லாவற்றையும் விளக்கினேன், முதல் நாள் விளக்கியது போலவே. "உங்க கையில ஒரு தப்பும் இல்லம்மா. எல்லாம் தண்ணியில இருந்தது. நீங்க திருப்பித் திருப்பிக் கழுவக் கழுவ அது மாவுல ஏறிக்கிட்டே போச்சு. அது இருந்ததாலதான் நல்லா வந்துச்சு, அதனாலயேதான் வேண்டாம்னுட்டாங்க." மாதம்மாள் தண்ணீரில் ஊறி வெளுத்த தன் விரல்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அப்ப நான் நல்லாக் கழுவுனதுதான் தப்புங்களா சார்?"

பதினெட்டு வருட வேலையில் நான் கண்டுபிடித்தது ஒரே ஒரு உண்மை, அதுவும் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே என் பல்லில் எழுதியிருந்தது.